அம்மாவுக்கு வாஷிங் மெஷின் ஆர்டர் போடப்போறீங்களா? முதல்ல கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு!

தீபாவளி போனஸ் கைக்கு வந்தாச்சு. நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறீர்கள். சொந்த ஊர் இருக்கன்குடி. இல்லையென்றால் சாத்தூர், ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, திருத்தங்கல் என்று அந்தப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊர். இந்த வருஷம் அம்மாவைத் துவைகல்லில் இருந்து விடுவித்தே ஆகணும் என்று முடிவு செய்து, ராத்திரி பதினொரு மணிக்குப் போனைத் திறக்கிறீர்கள். 'ஃப்ரன்ட் லோடா, டாப் லோடா?' என்று தேடுகிறீர்கள். 'ஃப்ரன்ட் லோடுதான் பெஸ்ட். தண்ணி கம்மியா செலவாகும், துணியும் கிழியாது' என்று பத்து வீடியோக்கள் அடித்துச் சொல்கின்றன. உங்கள் அபார்ட்மென்ட்டில் இருப்பதும் அதுதான். இ.எம்.ஐ போட்டு ஆர்டரும் போட்டுவிடுகிறீர்கள்.

நாலாவது நாள் மெஷின் ஊருக்குப் போய்ச் சேர்கிறது. மாட்டிக் கொடுக்க வந்தவர் முதலில் கேட்கும் கேள்வி: "குழாய் எங்கம்மா இருக்கு?"

அம்மா முற்றத்தைக் காட்டுகிறார். அங்கே இருப்பது ஒரு நீல நிற டிரம், ஆறு பிளாஸ்டிக் குடம்.

பிரச்னை இங்கேதான் தொடங்குகிறது. எந்த மெஷின் நல்ல மெஷின் என்பது அதன் விளம்பரத்தில் இல்லை. உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்பதில் இருக்கிறது. இதை ஆர்டர் போடும் முன் யோசிக்காமல் விட்டால், 30,000 ரூபாய் மெஷின் மடித்த துணியை அடுக்கி வைக்கும் மேஜை ஆகிவிடும்.

ரெண்டும் எப்படித்தான் துவைக்குது?

டாப் லோடில் தொட்டி நின்ற வாக்கில் இருக்கும். துணி தண்ணீரில் மிதக்க, அடியில் உள்ள தட்டு சுழன்று அதை அலசும். துணி முழுசாக மூழ்கினால்தான் வேலை நடக்கும். அதனால் தண்ணீர் அதிகம் குடிக்கும்.

ஃப்ரன்ட் லோடில் டிரம் படுத்த வாக்கில் இருக்கும். கீழே கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். டிரம் சுற்றச் சுற்றத் துணி மேலே போய், தொப்பென்று அந்தத் தண்ணீரில் விழும். நம்ம அம்மாக்கள் துணியை ஓங்கித் துவைகல்லில் அடிக்கிறார்களே, ஏறக்குறைய அதே வித்தைதான். மூழ்கத் தேவையில்லை, நனைந்தால் போதும். தண்ணீர் மிச்சமாகும் ரகசியம் இதுதான்.

எவ்வளவு மிச்சம்? மாடலுக்கு மாடல் மாறும். தோராயமாக, 7 கிலோ ஃப்ரன்ட் லோடு ஒரு முறை துவைக்க 50 லிட்டரைச் சுற்றிச் செலவழிக்கும். அதே அளவு ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோடுக்கு 120 லிட்டர் வரை ஆகும். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால், முன்னதுக்கு மூன்றரைக் குடம். பின்னதுக்கு எட்டுக் குடம்.

வாரம் நாலு தடவை, மாசம் 16 தடவை துவைக்கிற வீடு என்றால் 800 லிட்டருக்கும் 1,920 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம். மாசத்துக்கு ஏறக்குறைய 75 குடம்!

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குழாய்த் தண்ணீர் என்று இலக்கு வைத்தது. அதாவது ஃப்ரன்ட் லோடு ஒரு சுற்று ஓடினால் ஒரு ஆளின் ஒரு நாள் பங்கு காலி. டாப் லோடு ஓடினால் இரண்டு ஆள் பங்கு காலி.

'அப்போ ஃப்ரன்ட் லோடுதானே ஜெயிக்குது?' என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள்.

ஃப்ரன்ட் லோடில் குடத்தைக் கவிழ்க்க முடியாது

இருக்கன்குடி என்ற பெயருக்கு 'இரு கங்கைக் குடி' என்று ஊரில் காரணம் சொல்வார்கள். அர்ச்சுனா நதி ஒரு பக்கம், வைப்பாறு இன்னொரு பக்கம், நடுவில் மாரியம்மன். பக்கத்திலேயே அணையும் இருக்கிறது. ஆனால் இரண்டுமே மழையை நம்பி ஓடும் ஆறுகள். வருஷத்தில் பாதிக்கு மேல் மணல்தான். தமிழ்நாட்டின் சராசரியைவிடக் குறைவாக மழை பெறும் மாவட்டம் விருதுநகர். இந்தப் பக்கத்தில் பல ஊர்களில் தண்ணீர் 'எப்போ வேணாலும்' வராது. 'வர்ற அன்னிக்கு'த்தான் வரும். வந்ததும் டிரம்மில், தொட்டியில், குடத்தில் பிடித்து வைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

ஃப்ரன்ட் லோடு கதவை அடைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஓடும். தண்ணீர் அதன் பின்பக்கக் குழாய் வழியாக மட்டுமே உள்ளே போகும். மேலே இருந்து குடத்தைக் கவிழ்க்க வழியில்லை. பல மாடல்கள் குறைந்தது 0.3 பார் அழுத்தம் கேட்கின்றன, சில இன்னும் அதிகம் கேட்கின்றன. 0.3 பார் என்பது சுமார் 10 அடி உயரத்தில் நிற்கும் தண்ணீர் தரும் அழுத்தம்.

இப்போது உங்கள் வீட்டு மொட்டை மாடியை நினைத்துப் பாருங்கள். கூரை 10 அடி உயரம். மெஷின் குழாய் தரையில் இருந்து 3 அடி உயரம். கூரைத் தளத்திலேயே வைத்த டேங்க் என்றால் மிச்சம் 7 அடிதான். டேங்க் நிரம்பி இருந்தால் அதன் உயரம் ஒரு 4 அடி சேர்ந்து 11 அடி ஆகும், மெஷின் சமர்த்தாக ஓடும். பாதி காலியானால் அழுத்தம் போதாது. எர்ரர் காட்டி நிற்கும். 'காலையில நல்லா ஓடுச்சு, சாயங்காலம் ஓடலை, மெஷின் கோளாறு' என்று நாம் சர்வீஸுக்குப் போன் அடிப்போம். கோளாறு டேங்கின் உயரத்தில் இருக்கும். டேங்கை ஒரு ஸ்டாண்டில் ஏற்றினாலோ சின்ன பிரஷர் பம்ப் மாட்டினாலோ சரியாகும். அந்தச் செலவையும் மெஷின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆக, நிலைமை இதுதான்: தண்ணீரை மிச்சம் பிடிக்கும் மெஷின், இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் இருக்கும் வீட்டில்தான் ஓடும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள வீட்டுக்குப் பொருந்துவது, குடத்தில் மொண்டு ஊற்ற முடிகிற மெஷின். தண்ணீர் அதிகம் உள்ளவர் குறைவாகச் செலவழிக்கிறார்; குறைவாக உள்ளவர் அதிகமாகச் செலவழிக்க நேர்கிறது. இதில் வாங்குபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக் குழாயைத்தான் கேட்க வேண்டும்.

பாவம் செமி ஆட்டோமேட்டிக், அதை யாரும் மதிக்கிறதில்லை

'ஃப்ரன்ட்டா டாப்பா' விவாதத்தில் எல்லாரும் மறந்துவிடும் மூன்றாவது ஆள், இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக். விலை குறைவு. எடை குறைவு, வாடகை வீடு மாறினால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஃப்ரன்ட் லோடு அப்படியில்லை. குலுங்காமல் இருக்க உள்ளேயே கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள், மாடி ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் இன்னொரு வசதி, தண்ணீர் உங்கள் கையில். தொட்டி 40 லிட்டர் என்று வைப்போம். ஒரு லோடுக்குச் சோப்புத் தண்ணீர் ஒரு முறை, அலசல் இரண்டு முறை. மூன்று லோடு என்றால் 360 லிட்டர். ஆனால் நம்ம வீட்டுப் பெண்கள் அப்படியா செய்கிறார்கள்? வெள்ளைத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே கலர் துணி, அதிலேயே கடைசியாகக் கால்மிதி, பழைய லுங்கி. முதல் லோடை இரண்டாவதாக அலசிய தண்ணீர், அடுத்த லோடுக்கு முதல் அலசல். இப்படிச் செய்தால் அதே மூன்று லோடு 200 லிட்டரில் முடியும். லோடுக்கு 66 லிட்டர் சொச்சம். விலை மூன்று மடங்கு அதிகமான ஃப்ரன்ட் லோடின் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது!

அப்படியென்றால் பிரச்னை தீர்ந்ததா? இல்லை. இந்தச் சிக்கனத்துக்கான விலையைக் கொடுப்பது யார் என்று பாருங்கள். தண்ணீர் மொண்டு ஊற்ற, வடிக்க, ஈரத்துணியை ஒரு தொட்டியில் இருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்ற, ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மா.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றைச் சொல்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆலைக்கும் விடிந்ததும் கிளம்பி, சாயங்காலம் திரும்பும் பெண்கள் நிறைந்த பூமி இது. அவர்களுக்குத் துணி துவைக்கும் நேரம் ராத்திரியோ ஞாயிற்றுக்கிழமையோதான்.

ஸ்வீடன் மருத்துவரும் புள்ளியியல் பேச்சாளருமான ஹான்ஸ் ரோஸ்லிங் 2010-ல் ஓர் உரையில் தன் வீட்டுக்கு முதல் வாஷிங் மெஷின் வந்த நாளைச் சொன்னார். அந்த மெஷின் அம்மாவுக்கு நேரத்தைக் கொடுத்தது. அந்த நேரத்தில் அம்மா அவரை நூலகத்துக்கு அழைத்துப் போனார். நெகிழ வைக்கும் கதை. ஆனால் அந்த ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அதைச் சேர்த்துத்தான் அந்த மெஷின் வேலை செய்தது.

ஓட்டுக்கு வந்த மெஷின்

2021 சட்டமன்றத் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? அ.தி.மு.க தேர்தல் அறிக்கையில் வீட்டுக்கு வீடு இலவச வாஷிங் மெஷின் என்று சொன்னார்கள். நாகப்பட்டினத்தில் வேட்பாளர் ஒருவர் பிரசாரத்துக்கு நடுவே உட்கார்ந்து துணி துவைத்துக் காட்டிய வீடியோ செம வைரல். தேர்தலில் அந்தக் கட்சி தோற்றது, அந்தத் திட்டமும் வரவில்லை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். 2011-க்குப் பிறகு வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறிக்கு ஒரு பிளக் பாயின்ட் போதும். வாஷிங் மெஷினுக்கு பிளக் பாயின்ட், தண்ணீர் வரும் குழாய், அழுக்குத் தண்ணீர் போகும் வாறுகால் மூன்றும் வேண்டும். மெஷினைக் கொடுப்பது சுலபம், மற்ற இரண்டையும் கொடுப்பதுதான் வேலை.

அப்புறம் ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி குறைந்ததைச் சொல்லி 'வாஷிங் மெஷினும் குறைஞ்சிருச்சு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 28-லிருந்து 18 சதவிகிதத்துக்கு அன்று இறங்கியவை ஏ.சி, பெரிய டி.வி, டிஷ்வாஷர் போன்றவை. வாஷிங் மெஷினுக்கு 2018 ஜூலையிலேயே 18 ஆக்கிவிட்டார்கள். கடையில் தள்ளுபடி இருந்தால், அது கடையின் தள்ளுபடி.

உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?

அடுத்தது தண்ணீரின் குணம். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் இருந்தால் சோப்பு நுரைக்காது, துணி விறைக்கும், வெள்ளை பழுப்பாகும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை.

வீட்டிலேயே பார்க்க எளிய வழி: அரை பாட்டில் தண்ணீரில் குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை பொங்கி நின்றால் நல்ல தண்ணி. நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி மிதந்தால் கடின நீர்.

கடின நீர் எல்லா மெஷினுக்கும் எதிரி. அதிலும் ஹீட்டர் உள்ள மெஷினுக்குப் பெரிய எதிரி. தண்ணீர் சூடாகும்போதுதான் சுண்ணாம்பு ஹீட்டர் மேல் படியும். குழாயில் மாட்டும் சின்ன ஃபில்டர்களில் பல, படியாமல் இருக்க உதவும், கடினத்தன்மையை நீக்காது. மெஷினோடு வந்த கையேடு அனுமதித்தால், அவ்வப்போது எலுமிச்சை உப்பு போட்டுத் துணியில்லாமல் ஒரு சுற்று ஓட விடுங்கள்.

நல்ல செய்தி, நம்ம ஊருக்கு ஹீட்டர் அவ்வளவாகத் தேவையில்லை. சித்திரை மாத மதியத்தில் மாடி டேங்க் தண்ணீரில் கை வைக்க முடியுமா? 15 லிட்டரை 30 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கத் தண்ணீருக்கு மட்டும் அரை யூனிட் மின்சாரம் வேண்டும். டிரம், துணி, மோட்டார் எல்லாம் சேர்ந்தால் ஒரு யூனிட்டை நெருங்கும். இரண்டு மாசத்தில் 32 தடவை இப்படி ஓட்டினால், இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். பச்சைத் தண்ணீரில் ஓட்டினால் செலவு அதில் சின்னத் துண்டுதான்.

அதேபோல '1,400 சுற்று ஸ்பின்' என்று சொன்னால் மயங்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டால், இந்த வெயிலில் கொடியில் போட்ட துணி காபி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும்.

பட்டாசு ஆலைத் துணியை என்ன செய்வது?

இது இந்தப் பகுதிக்கே உரிய கேள்வி, எந்த வீடியோவிலும் வராது. உராய்வில் மின்பொறி வரக் கூடாது என்பதால் பட்டாசு ஆலைகளில் பருத்தி ஆடையே பாதுகாப்பு. பருத்தி தண்ணீரை நிறைய உறிஞ்சிக் கனக்கும். அதனால் 'ஆள் கம்மிதானே' என்று 6 கிலோ மெஷினில் திணிக்காதீர்கள்.

அதைவிட முக்கியம், அந்தத் துணியில் அலுமினியத் தூளும் கந்தகமும் ஒட்டியிருக்கும். வீட்டுக்குள் உதறாதீர்கள். குழந்தைத் துணியோடு சேர்க்காதீர்கள். தனி வாளியில் நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, அலசிக் கொட்டிய பிறகே மெஷினில் தனியாகப் போடுங்கள். வெந்நீர் வேண்டாம், டிரையர் வேண்டவே வேண்டாம். எந்த மெஷின் வாங்கினாலும் இந்த ஒரு வாளி வேலை மிச்சம் இருக்கும்.

ஆடி கடைசி வெள்ளிக்கு வரும் சொந்தக்காரர்களின் மஞ்சள் துணிக்கும் ஒரு டிப்ஸ்: தனியாகப் போடுங்கள், சாயம் இறங்கும். மஞ்சள்தூள் கறை சோப்பு பட்டதும் சிவப்பாகும். பயப்படாமல் வெயிலில் காயப் போட்டால் மெல்ல வெளுத்துவிடும்.

சரி, எதைத்தான் வாங்க?

* எப்போதும் குழாயில் தண்ணீர், உயரத்தில் டேங்க், சொந்த வீடு: ஃப்ரன்ட் லோடு. நுரை குறைவான சோப்புத்தூளே போட வேண்டும். நேரம் அதிகம் எடுக்கும், ஆனால் அம்மா பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

* டேங்க் இருக்கிறது, ஆனால் அழுத்தம் குறைவு: குறைந்த அழுத்தத்திலும் ஓடும் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோடு. தண்ணீர் நின்றுபோனால் பல மாடல்களில் மூடியைத் திறந்து வாளியால் ஊற்றிச் சமாளிக்கலாம்.

* டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர்தான்: செமி ஆட்டோமேட்டிக். கூடவே வீட்டு ஆண்களுக்கு ஒரு முறைப்பட்டியல். துணி மாற்றிப் போடுவதற்கு எந்தத் தகுதியும் தேவையில்லை.

விலையில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஸ்டார் லேபிள் இருக்கும் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கும். அந்தத் தண்ணீர்க் கணக்கைப் படியுங்கள்.

கடைசியாக ஒன்று. ஜல் ஜீவன் திட்டத்தை 2028 வரை நீட்டித்திருக்கிறார்கள். குழாய் போட்டாச்சு என்று கணக்கில் வந்தால் போதாது. அதில் தினமும் தண்ணீர் வர வேண்டும், மெஷினைத் தள்ளும் வேகத்தில் வர வேண்டும். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். ஊருக்குப் போகும்போது அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, 'நம்ம தெருவுக்கு வாரத்துல எத்தனை நாள், எத்தனை மணி நேரம் தண்ணி வருது?' என்று கேளுங்கள். அதற்கு நல்ல பதில் கிடைக்கிற வரைக்கும், எந்த ஆஃபரும் அம்மாவின் வேலையைப் பாதிக்கு மேல் குறைக்காது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. கார்ட்டில் போட்டதை அப்படியே விட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் போடுங்கள். 'எந்த மெஷின் வேணும்மா?' என்று கேட்டால், "எதுக்குப்பா வீண் செலவு" என்றுதான் சொல்வார். 'தண்ணி எப்பம்மா வருது, யாரு பிடிக்கிறா?' என்று கேளுங்கள். என்ன வாங்கணும் என்பது அந்தப் பதிலிலேயே இருக்கும்.